சந்தா கொடுத்து உழைத்தவர்கள்

ஒரு சங்கத்துக்குச் சந்தா செலுத்துகிறவர் அதற்கு ஈடாக ஏதேனும் ஒன்றை எதிர்பார்ப்பது உலக வழக்கம். மாதம் ஒரு சஞ்சிகை, வருஷத்துக்கு ஒரு விருந்து, பெயருக்குப் பின்னால் இரண்டு மூன்று எழுத்துக்கள் என்று ஏதாவது கிடைத்தால் அவர் திருப்தியடைந்து விடுவார். ஆனால் சந்தாவையும் கட்டி, விடுமுறை நாட்களையும் கொடுத்து, போதாக்குறைக்குக் கைப்பணத்தையும் செலவழித்து, சங்கத்தின் பெயரால் பரிசோதனைகளை நடத்திப் பார்க்கிற அபூர்வமான மனிதர்களும் உண்டு. இவர்கள் கூடி அமைத்துக்கொள்ளும் சிறு குழுவுக்குத் தொழில்நுட்பக் குழு என்றோ பரிசோதனைக் குழு என்றோ பெயர். அதன் தலைவருக்குச் சம்பளம் கிடையாது; அங்கத்தினரில் ஒருவர் இந்த வாரம் வரவில்லையென்றால் ஏன் என்று கேட்க அவருக்கு அதிகாரமும் கிடையாது. ஆகாயத்திலும் அதற்கப்பாலும் மனிதன் சென்ற சரித்திரத்தை எழுதுகிறவர்கள் விமானிகளைப் பற்றியும் அரசாங்கங்களைப் பற்றியும் பெரிய ஆலைகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இந்தக் குழுக்களை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த வரிக்குள் அடங்கிக் கிடக்கும் கதை சுவையானது, சொல்ல வேண்டியதுந்தான்.

வழக்கத்தின் ஆரம்பம் லண்டனில். 1866-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி, ஆர்கைல் பிரபுவின் மாளிகையில் சில கனவான்கள் கூடி, பிற்காலத்தில் ராயல் ஏரோநாட்டிகல் சொஸைட்டி என்று பெயர் பெற்ற சங்கத்தை ஸ்தாபித்தார்கள். பிரபுவே முதல் தலைவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் பலூனில் ஏறி, பிரக்ஞை தப்பும் உயரம் வரை போய்த் திரும்பிய வானிலை ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் கிளெய்ஷர் அங்கே இருந்தார். கௌரவக் காரியதரிசியாகப் பொறுப்பேற்ற பிரெடெரிக் பிரியரி என்பவர் அந்தப் பொறுப்பை முப்பது ஆண்டுகள், தாம் இறக்கும்வரை, சுமந்தார். பறக்கும் யந்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே நகைக்கும் காலம் அது. அந்த நகைப்பைப் பேச்சினால் வெல்ல முடியாது, அளவினால்தான் வெல்ல முடியும் என்று அக்கூட்டத்தில் தெளிவாகக் கண்டவர் பிரான்சிஸ் வென்ஹாம் என்ற யந்திர நிபுணர். அவர் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் படித்த ஆகாய சஞ்சாரம் பற்றிய கட்டுரையில், அகலம் குறைந்து நீளம் மிகுந்த இறக்கையே சிறந்ததென்று வாதித்தார். வாதத்துக்குச் சாட்சியம் வேண்டுமல்லவா? சங்கம் தனக்குள் பணம் திரட்டியது. கிரீனிச்சில் கப்பல் யந்திரங்கள் செய்துவந்த பென் தொழிற்சாலையில், 1871-இல், 12 அடி நீளமும் 18 அங்குலச் சதுர வாயும் கொண்ட ஒரு பெட்டிக் குழாயை அமைத்து, நீராவி யந்திரத்தால் சுழலும் விசிறியைக் கொண்டு, மணிக்கு 40 மைல் வேகத்தில் காற்றை அதனூடே செலுத்தினார்கள். உலகத்தின் முதல் காற்றுச் சுரங்கம் அதுதான்.

சாய்த்து வைத்த தட்டின்மேல் படும் காற்று அதை எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறது என்று நிறுத்துப் பார்க்க ஒரு தராசை அமைப்பதில், கருவிகள் செய்வதில் பேர்பெற்ற ஜான் பிரௌனிங் வென்ஹாமுக்குத் துணைநின்றார். நியூட்டனின் சூத்திரத்தை நம்பியிருந்த கணக்கறிஞர்கள், சாய்வு சிறிதாக இருந்தால் தூக்கும் விசை ஏறக்குறைய இல்லாமலே போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். தராசோ அவர்கள் சொன்னதைவிட மிக அதிகமான விசையைக் காட்டியது. காற்றின் ஓட்டம் சீராக இல்லை, அளவுகளில் பிசகு உண்டு என்பதெல்லாம் உண்மையே. ஆயினும், பறப்பது அசாத்தியம் என்ற தீர்ப்பின் அஸ்திவாரம் அந்த மரப்பெட்டிக்குள் ஆட்டங்கண்டது. சங்கம் அந்த அளவுகளைத் தன் ஆண்டறிக்கையில் அச்சிட்டு யாவருக்கும் கொடுத்தது. இந்த இரண்டாவது காரியத்தை நான் முதலாவதற்குச் சமமாகவே மதிக்கிறேன்.

இனி அறுபது ஆண்டுகளைத் தாண்டிச் செல்லலாம். விமானம் பிறந்து, ஒரு மகாயுத்தத்தைப் பார்த்து, பெரிய வியாபாரமாகவும் ஆகிவிட்ட காலம். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி, நியூயார்க் நகரில், ஏறக்குறைய ஒரு டஜன் பேர் சேர்ந்து அமெரிக்கக் கிரகாந்தரச் சங்கம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். இவர்களில் பலர் விஞ்ஞானக் கற்பனைக் கதைகளை எழுதுகிறவர்கள். முதல் தலைவர் டேவிட் லாஸர் அத்தகைய கதைகளை வெளியிட்ட சஞ்சிகை ஒன்றின் ஆசிரியர். எட்வர்ட் பெண்ட்ரே தினசரிப் பத்திரிகைக்காரர். பங்குச் சந்தை சரிந்து ஆறு மாதமே ஆகியிருந்தது; நகரத்தில் வேலையற்றோர் வரிசை நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்தது. (லாஸர் பிற்பாடு அந்த வேலையற்றோரின் இயக்கத்துக்கே தலைவராகப் போய்ச் சேர்ந்தார், சந்திரனைப் பற்றிச் சிந்திக்கிறவன் தெருவைப் பார்க்கமாட்டான் என்ற குற்றச்சாட்டு அவரிடம் செல்லாது.) அப்படிப்பட்ட வேளையில் கிரகங்களுக்குப் போகச் சங்கம் வைத்தவர்களைப் பார்த்து ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அக்காலத்து அமெரிக்காவில் ராக்கெட்டைப் பற்றி உண்மையாகவே அறிந்தவர் ஒருவர் இருந்தார். திரவ எரிபொருளால் செல்லும் முதல் ராக்கெட்டை 1926 மார்ச் 16-ஆம் தேதி ஆபர்ன் என்ற ஊரில் பறக்கவிட்ட பேராசிரியர் ராபர்ட் காடர்டே அவர். சங்கத்தார் அவருடைய ஒத்துழைப்பை நாடி எழுதினார்கள். அவர் மரியாதையாக விலகிக்கொண்டார். பத்திரிகைகளின் பரிகாசத்தால் முன்னமே மனம் நொந்திருந்த அவர், கக்கன்ஹைம் குடும்பத்தின் நிதியுதவியோடு 1930-இல் நியூ மெக்ஸிகோவின் ராஸ்வெல் என்ற ஒதுக்கிடத்துக்குக் குடிபோய், சிறு பரிவாரத்துடன் தமது பரிசோதனைகளைத் திரைமறைவில் நடத்தத் தொடங்கினார். மேதையைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை; முடிவு பெறாத வேலையை அம்பலத்துக்குக் கொண்டுவர எந்த ஆராய்ச்சியாளருக்கும் தயக்கம் இருக்கும். ஆனால் அவர் கதவைச் சாத்தியதால், சங்கத்தார் எல்லாவற்றையும் முதலிலிருந்து தாங்களே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

1931-இல் பெண்ட்ரே தம் மனைவியோடு ஐரோப்பாவுக்குச் சென்றபோது, பெர்லின் நகரின் ஓரத்தில் ஜெர்மானிய ராக்கெட் சங்கத்தின் இளைஞர்கள் நடத்திவந்த பரிசோதனைத் திடலைக் கண்டார். அவர்களும் ஊதியமில்லாத தொண்டர்களே. அவர்கள் ஒளிவுமறைவின்றி எல்லாவற்றையும் காட்டினார்கள். சில ஆண்டுகளில் அந்தத் திடல் மூடப்பட்டதும், ஜெர்மனியின் ராக்கெட் வேலை முழுவதும் ராணுவத்தின் கைக்குப் போனதும் வேறு கதை. ஊர் திரும்பிய பெண்ட்ரே, தாம் கண்டதைச் சங்கத்துக்கு விவரித்தார். நாமும் ஒன்று செய்வோம் என்று பரிசோதனைக் குழு துணிந்தது.

பெண்ட்ரேயும் பிராங்க்ளின் பியர்ஸும் வகுத்த அந்த முதல் ராக்கெட்டின் உறுப்புக்கள் எங்கிருந்து வந்தன என்று படிக்கும்போது சிரிப்பும் மதிப்பும் ஒருங்கே எழுகின்றன. எஞ்சினைச் சுற்றிக் குளிர்நீர் நிற்கும் உறையாகப் பானம் குலுக்கும் அலுமினியக் குவளை ஒன்று பயன்பட்டது. பாரசூட்டை அடக்கி வைக்கச் சமையலறைப் பாத்திரம் ஒன்று கிடைத்தது. கடையில் வாங்கிய பட்டுத்துணியில் அந்தப் பாரசூட்டைத் தைத்துக் கொடுத்தவர் திருமதி பெண்ட்ரே. 1932 நவம்பர் 12-ஆம் தேதி நியூ ஜெர்ஸியில் ஸ்டாக்டன் என்ற ஊருக்கருகே ஒரு பண்ணையில் அதைத் தளத்தோடு பிணைத்து எரித்துப் பார்த்தார்கள். திரவப் பிராணவாயுவும் பெட்ரோலும் கலந்து எரிந்த அந்த எஞ்சின் இருபது முப்பது விநாடிகள் ஏறக்குறைய 60 பவுண்டு விசையைக் கொடுத்தது. ராக்கெட் சேதமடைந்ததால் அதைப் பறக்கவிட முடியவில்லை. பெர்னார்ட் ஸ்மித் என்ற இளைஞர் அதைப் பிரித்துத் திருத்திக் கட்டினார். இரண்டாவது ராக்கெட் என்ற பெயரோடு அது 1933 மே 14-ஆம் தேதி ஸ்டேட்டன் தீவின் கடற்கரையிலிருந்து கிளம்பி, 250 அடி ஏறி, பிராணவாயுக் கலம் வெடித்துக் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி நான்காவது ராக்கெட் 382 அடி உயர்ந்து, 1,338 அடி தூரம் சென்று விழுந்தது. மூன்றாவது பறக்கவே இல்லை.

இதற்குள் சங்கத்தின் பெயரும் மாறிவிட்டது. கிரகங்களைப் பெயரில் வைத்துக்கொண்டால் தொழிலறிந்த பொறியியலாளர் எவரும் உள்ளே வரத் தயங்குவார்கள் என்பதனால், 1934 ஏப்ரலில் அமெரிக்க ராக்கெட் சங்கம் என்று ஆக்கிக்கொண்டார்கள். பெயரை மாற்றுவது எளிது. அதற்குப் பின் குழு எடுத்த தீர்மானமே கடினமானது.

ராக்கெட் பறந்தால்தான் கூட்டம் கூடும், புகைப்படக்காரர் வருவார், புதிய அங்கத்தினர் சேருவார்கள், சந்தா பெருகும். ஆனால் இரண்டு விநாடியில் கடலில் விழுந்த ராக்கெட் ஏன் விழுந்தது என்பதை அது பறந்த காட்சி சொல்லாது. பல மாதம் ஓய்வுநேரத்தில் உழைத்துச் செய்த பொருள் ஒரு நொடியில் சிதறிப்போக, மிஞ்சுவது ஒரு உயரக் கணக்கும் சில கோணல் தகடுகளுமே. ஆகவே இனிப் பறக்கவிடுவதில்லை, எஞ்சினை மட்டும் தரையில் பூட்டி எரித்து அதன் அழுத்தத்தையும் விசையையும் காலத்தையும் அளப்பதே நம் வேலை என்று பரிசோதனைக் குழு முடிவு செய்தது. கைதட்டலைத் தானாக விட்டுக்கொடுத்த இந்தத் தீர்மானம், வென்ஹாமின் மரப்பெட்டியோடு ஒரே வம்சத்தைச் சேர்ந்தது. சம்பளம் பெறுகிறவர்களை இத்தகைய சலிப்பான வேலையில் நிறுத்தி வைக்கலாம். வேடிக்கைக்காக வந்த தொண்டர்களை வேடிக்கையில்லாத வேலையில் நிறுத்திவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, எந்த ஊரிலும் எந்தச் சங்கத்திலும் காரியதரிசியாக இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஜான் ஷெஸ்டா என்ற பொறியியலாளர் வகுத்த பரீட்சைத் தளம் 1935-இல் நியூயார்க் மாகாணத்தின் கிரெஸ்ட்வுட்டில் நிறுத்தப்பட்டது. அங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் பல எஞ்சின்களை எரித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை சில விநாடிகளில் உருகியோ ஓட்டை விழுந்தோ போயின. பிராணவாயுவோடு எரியும் எரிபொருளின் வெப்பத்தைத் தாங்கும் உலோகம் அகப்படவில்லை. தடித்த சுவரும் பயன்படவில்லை. நிற்கும் தண்ணீர் உறையும் போதவில்லை. இந்தத் தோல்விகளையெல்லாம் சங்கம் தனது சஞ்சிகையான அஸ்ட்ரோநாட்டிக்ஸில் அளவுகளோடு பிரசுரித்தது. அதே காலத்தில் ஆல்பிரெட் ஆப்ரிகானோ என்ற அங்கத்தினர் உயர ஆகாயத்துக்குச் செல்லும் ராக்கெட் ஒன்றைக் காகிதத்தில் வகுத்தமைக்காக, பிரெஞ்சு வானநூற் சங்கம் 1936-இல் அவருக்கும் சங்கத்துக்கும் பரிசளித்தது. வெற்றிப் பரிசு காகிதத்துக்கு வந்ததும் தோல்விக் கணக்கு உலோகத்திலிருந்து வந்ததும் ஒரு விநோதமே.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இதே சமயம் வேறொரு குழு, தீக்குச்சியைக்கூடக் கிழிக்க முடியாத நிலையில் வேலை செய்துகொண்டிருந்தது. 1933-இல் லிவர்பூலில் பிலிப் கிளீட்டர் தொடங்கிய பிரிட்டிஷ் கிரகாந்தரச் சங்கத்தார் ராக்கெட் செய்ய முற்பட்டபோது, 1875-ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சட்டம் குறுக்கே நின்றது. சங்கம் லண்டனுக்குப் பெயர்ந்த பின், அதன் தொழில்நுட்பக் குழு எரிப்பதை மறந்து கணக்குப் போட உட்கார்ந்தது: மூவரைச் சந்திரனுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர, சுமார் 1,000 டன் எடையுள்ள கலம் ஒன்றை, ஆயிரக்கணக்கான சிறு திண்ம எரிபொருட் குழாய்களின் அடுக்கடுக்கான கட்டாக வகுத்து, 1939-இல் வெளியிட்டார்கள். சுழலும் கலத்திலிருந்து பார்த்தாலும் வானம் அசையாமல் தோன்றும்படி கண்ணாடிகளைச் சுழற்றும் கருவி ஒன்றைமட்டும் உண்மையாகவே செய்து காட்டினார்கள். இந்தக் குழுவில் உழைத்த ஓர் இளம் அரசாங்கக் கணக்குத் தணிக்கை ஊழியரே ஆர்தர் கிளார்க். 1956-இல் இலங்கைக்கு வந்து கொழும்பு வாசியாகவே வாழ்ந்து முடித்த அதே எழுத்தாளர்.

அமெரிக்கக் குழுவுக்கு விடை கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வைல்ட். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் பொறியியல் படித்த இவர், எரியறையின் சுவரை இரட்டைச் சுவராக்கி, எரிபொருளையே முதலில் அந்த இடைவெளியில் ஓடவிட்டுச் சுவரின் சூட்டை வாங்கிக்கொள்ளச் செய்து, பிறகு அதே எரிபொருளை அறைக்குள் புகுத்தி எரித்தார். சுவர் குளிர்கிறது, எரிபொருளோ சூடாகி உள்ளே போவதால் வெப்பமும் வீணாவதில்லை. எண்ணம் இவருக்கே சொந்தமல்ல. ஐரோப்பாவில் ஓபெர்த் முதலியோர் அதை எழுதியிருந்தார்கள். வியன்னாவில் ஸேங்கர் பரிசோதித்தும் இருந்தார். ஆனால் அதைக் கையடக்கமான, ஒழுகாத, மீண்டும் மீண்டும் எரிக்கத்தக்க எஞ்சினாக்கிய திறமை வைல்டினுடையது. 1938 டிசம்பர் 10-ஆம் தேதி நியூ ராஷெல் என்ற ஊரில் குழுவின் பரீட்சைத் தளத்தில் அது எரிந்தது. 90 பவுண்டு அளவுக்கு விசை கொடுத்தது. அணைந்த பின் தொட்டுப் பார்க்கும்போது எஞ்சின் முழுசாக இருந்தது. 1941-ஆம் ஆண்டின் கோடையில் நியூ ஜெர்ஸியின் மிட்வேலில் அதையே பலமுறை எரித்து, அது யதேச்சையாக நேர்ந்த வெற்றியல்ல என்று உறுதி செய்துகொண்டார்கள்.

அந்த வருஷம் டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. இரண்டு வாரம் முடிவதற்குள் குழுவைச் சேர்ந்த நால்வர், லவெல் லாரன்ஸ், ஷெஸ்டா, வைல்ட், பியர்ஸ், சேர்ந்து ரியாக்ஷன் மோட்டார்ஸ் என்ற கம்பெனியைப் பதிவு செய்தார்கள்; அமெரிக்கக் கடற்படை அவர்களுக்கு வேலை கொடுத்தது. வைல்டின் குளிர்விக்கும் முறையை வைத்து அக்கம்பெனி வளர்த்த எஞ்சின் ஒன்று, நான்கு அறைகளுடன், அறைக்கு 1,500 பவுண்டாக மொத்தம் 6,000 பவுண்டு விசை தந்தது. 1947 அக்டோபர் 14-ஆம் தேதி கலிபோர்னியப் பாலைவனத்துக்கு மேலே சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்த பெல் எக்ஸ்-1 விமானத்தின் வாலில் இருந்தது அந்த எஞ்சின்தான். பின்னாளில் எக்ஸ்-15 விமானத்தின் முதல் பயணங்களுக்கும் அந்த எஞ்சினில் இரண்டைப் பூட்டினார்கள். யேகரின் பெயர் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு ஷெஸ்டாவின் பெயர் தெரியும்?

தேர்ந்த கைகளைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்ட பின் பரிசோதனைக் குழுவுக்குப் பழைய வேலை மிஞ்சவில்லை. யுத்தம் முடிந்தபோது ராக்கெட் எஞ்சின் என்பது கொல்லையில் எரித்துப் பார்க்கும் பொருளாக இல்லை. கோடிக்கணக்கான டாலர், ராணுவ ரகசியம், பெரிய ஆலை இவையெல்லாம் சேர்ந்த விவகாரமாகிவிட்டது. தொண்டர்களின் வெற்றியே தொண்டர்களின் தொழிலை அபகரித்துக்கொண்டது என்பேன். சங்கம் எரிப்பதை விட்டு, எரிக்கிறவர்கள் கூடிப் பேசும் சபையாயிற்று. 1957-இல் ஸ்புட்னிக் ஏறியதும் அங்கத்தினர் வெள்ளமாய்ப் பெருகினார்கள். சம்பளத்துக்கு ராக்கெட் செய்கிற பொறியியலாளர்கள் மாலையில் தொழில்நுட்பக் குழுக்களில் அமர்ந்தார்கள். உந்துவிசைக்கு ஒன்று, வழிகாட்டலுக்கு ஒன்று, உலோகங்களுக்கு ஒன்று என்று குழுக்கள் கிளைத்தன. மகாநாட்டுக்கு வரும் கட்டுரைகளைப் படித்துத் தள்ளவேண்டியதைத் தள்ளுவது, எதை எப்படி அளப்பது என்பதற்குப் பொது நியதிகளை எழுதுவது, பரிசுக்குரியவரைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை குழுவின் கடமைகளாயின. போட்டிக் கம்பெனிகளில் வேலை செய்கிற இருவர், எஜமானர்களின் ரகசியங்களை வெளியே விட்டுவிட்டு ஒரே மேஜைக்கு வந்து ஒரு நியதியின் வாசகத்தைச் சண்டையிட்டுத் தீர்மானிக்க வேறு இடமும் இருக்கவில்லை.

விமானத் துறைக்கென்று 1932-இல் லெஸ்டர் கார்ட்னர் தொடங்கிய ஆகாய விஞ்ஞானக் கழகம் தனியே இருந்தது. ஜெரோம் ஹன்ஸேக்கர் முதல் தலைவராக இருந்த அந்தக் கழகம், கதையெழுதுகிறவர்கள் வைத்த ராக்கெட் சங்கத்தைப் போலன்றிப் பிறக்கும்போதே பிரமுகர்களோடு பிறந்தது. ஆனால் இரு துறையும் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கியபின் இரண்டு சங்கம், இரண்டு சந்தா, ஒரே விஷயத்துக்கு இரண்டு மகாநாடு என்ற நிலை யாருக்கும் கட்டுபடியாகவில்லை. 1963-இல் இரண்டும் இணைந்து அமெரிக்க ஆகாய விண்வெளிக் கழகமாயின. ஜெட் உந்துவிசை ஆராய்ச்சிச் சாலையின் இயக்குநர் வில்லியம் பிக்கரிங் அதன் முதல் தலைவர். தொழில்நுட்பக் குழுக்கள் இணைப்புக்குப் பின்னும் தொடர்ந்தன. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் அக்கழகத்தின் சஞ்சிகையில், அந்தந்தத் துறையில் அவ்வாண்டு நடந்தது என்ன என்று எழுதுகிறவர்கள் அந்தந்தக் குழுவினரே. வைல்டின் பெயரால் உந்துவிசைத் துறைக்கு ஒரு பரிசும், பெண்ட்ரேயின் பெயரால் ஆகாய, விண்வெளித் துறைகளைப் பற்றிய எழுத்துக்கு ஒரு பரிசும் அக்கழகத்தில் உண்டு.

பெண்ட்ரே எஞ்சின் வேலையில் ஷெஸ்டாவுக்கோ வைல்டுக்கோ நிகரானவரல்லர். ஆனால் செய்ததை எழுதிவைக்க வேண்டும், எழுதியதை அச்சிட வேண்டும் என்பதில் அவருக்கு இணை அந்தச் சங்கத்தில் இல்லை. காடர்ட் 1945-இல் காலமான பின், அவர் ராஸ்வெல்லில் பூட்டிவைத்த குறிப்புக்களும் கடிதங்களும் அவர் மனைவி எஸ்தரின் பொறுப்பில் இருந்தன. அவை மூன்று பெரிய தொகுதிகளாக 1970-இல் வெளிவந்தபோது, பதிப்பாசிரியர்களாக இரண்டு பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன: ஒன்று எஸ்தர் காடர்ட், மற்றது எட்வர்ட் பெண்ட்ரே.